இன்னும் ஒருத்தர் தொடல

திரையில் ‘உள்ளே இருப்பவர்கள்: இருவர்’ என்றிருந்தது. அவனோ தனியாகத்தான் வந்திருந்தான்.

மறுநாள் துணைவேந்தர் தொடங்கிவைக்கப்போகும் வருகைச் செயலிக்கு அது கடைசிச் சோதனை. வகுப்புக்குள் வருகிறவர்களை வாசல் கேமரா எண்ணும். அத்தனை பேரும் மேசைமேல் இருக்கும் கைபேசியைத் தொட்டால்தான் வெளியே போகக் கதவு திறக்கும். இதை ஒழுக்கத்தில் ஒரு புரட்சி என்று துறைத்தலைவர் தலையணை தடிமனில் அறிக்கை எழுதியிருந்தார். செயலியைச் செய்த அவன் பெயர் அதில் எங்கும் இல்லை. குரல் கொடுக்கவும் ஆள் கிடைக்காமல் அவனே பேசிப் பதிந்திருந்தான்.

தொட்டான். கதவு அசையவில்லை.

“இன்னும் ஒருத்தர் தொடல. தயங்காம வாங்க,” என்றது அவன் குரல், அவன் யாரிடமும் பேசியிராத கனிவோடு.

தன் கைபேசியில் துறைத்தலைவரை அழைத்தான்.

“சார், நான் மட்டும்தான் இருக்கேன். ரெண்டு பேர்னு காட்டுது.”

“அப்போ அந்த ரெண்டாவது ஆளைத் தொடச் சொல்லுங்க தம்பி.”

“ஆளே இல்ல சார். சாவி யார்கிட்ட இருக்கு?”

“சாவியையே ஒழிச்சாச்சே! நம்ம முதல் சாதனையே அதுதானே. செயலி தப்பே பண்ணாதுன்னு வேற எழுதிட்டேன், மானத்த வாங்கிடாதீங்க.” வைத்துவிட்டார்.

வேறு யாரை அழைப்பது? வீட்டுக்காரர், பார்சல்காரர், பல் டாக்டர். அதோடு எண்கள் தீர்ந்தன.

மின்விசிறி தானாக ஓய்ந்தது. புது பெயிண்ட் நெடிக்கு அடியிலிருந்து, நனைந்த துணி மூட்டைக்குள்ளேயே புழுங்கிக் கிடந்ததுபோல் ஒரு வாடை மெல்ல எழுந்து வர, ஜன்னலில்லாத அந்தக் கூடத்தின் கடைசி வரிசை இருட்டில், உட்கார்ந்தவர் எழுந்தால் தானே மடங்கிக்கொள்ளும் இருக்கைகளில் ஒன்று, டப்பென்று மடங்கியது.

“கூச்சப்படாதீங்க. பக்கத்துல வாங்க.”

குரலை நிறுத்தப் பொத்தான் தேடினான். கிடையாது. மாணவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று அவன்தான் வைக்காமல் விட்டிருந்தான்.

வரிசைகளுக்கு இடையிலான படியில் ஈரக் காலடி.

“இன்னும் பக்கத்துல.”

அடுத்த படி.

கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டான். திரும்பவில்லை. பின்னால், மேசைமேல், கைபேசிக் கண்ணாடியில் நகம் படும் ஓசை.

கதவு திறந்தது.

எதிரே வெளிச்சம். காலி நடைக்கூடம். ஓடிவிடலாம்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றது அவன் குரல். “யாரையும் தனியா விட்டுட்டுப் போகாம, சேர்ந்தே போங்க.”

அவன் இடக்கை விரல்களுக்கு நடுவே, ஒவ்வொன்றாக, சில்லிட்ட விரல்கள் கோத்துக்கொண்டன.