கயிற்றின் மறுமுனை

நிலவறைத் தரையில் வைத்திருந்த செம்புச் சட்டியில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

நடுங்கக் காரணமே இல்லை. ஊரை வளைத்திருந்த வடகடல் கொள்ளையர்கள் விடிந்ததிலிருந்து ஒரு கல்கூட எறியவில்லை. மதில்மேல் ஓட்டமில்லை, தெருவில் வண்டி உருளவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் புண்பட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த லான்ட்ரிக், ஈரச் சுண்ணாம்பின் நெடியும் பழைய திராட்சை ரசப் பீப்பாய்களின் புளிப்பும் கலந்த அந்த இருட்டில், விளக்கொளி தண்ணீரின் மேல் வளையம் வளையமாக விரிவதையும் சட்டியின் விளிம்பைத் தொட்டு உடைவதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

மதிலை ஒட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு சட்டி உண்டு. எதிரி அடியில் சுரங்கம் தோண்டினால் காதுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரிந்துவிடும்.

"கிஸ்லா! இங்க வா!"

அவன் மனைவி படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கையால் வாயைப் பொத்தினாள். "ஐயோ, நம்ம வீட்டுக்குக் கீழயா? இருங்க, நான் போய் ஹூனால்டக் கூட்டிட்டு வரேன்."

பயம் வருவதற்கு முன்னால் அந்தப் பேர் வந்துவிட்டது, பாருங்கள். லான்ட்ரிக்குக்கு அதுதான் முதலில் உறைத்தது. காலடியில் எதிரி தோண்டுகிறான் என்பது அப்புறம்தான்.

ஹூனால்ட் சுரங்கக்காரர்களின் தலைவன். கிஸ்லாவின் ஊர்க்காரன், இரண்டு வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரே வேலி. புருஷனை அவள் 'நீங்க' என்பாள், 'வாங்க' என்பாள். ஹூனால்டை 'வாடா' என்பாள். ஊரார் இதை மரியாதை என்றார்கள். லான்ட்ரிக்குக்கோ அந்த மரியாதை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவது போலிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

ஹூனால்ட் நாலு ஆட்களோடும் மண்வெட்டிகளோடும் வந்தான். சட்டியருகே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னண்ணே, மதில்மேலருந்து வடகடலான் தலையில ஊத்துன்னு கொதிக்கிற தாரக் குடுத்தா சொந்தக் கால்லயா ஊத்திக்குவாங்க?"

ஆட்கள் சிரித்தார்கள். கிஸ்லாவும் சிரித்தாள். புண்ணைவிட அது எரிந்தது.

நிலவறைச் சுவரை உடைத்து எதிர்ச் சுரங்கம் போட்டார்கள். ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலம்தான். முன்னால் போகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை வெளியே இருப்பவன் கையில். ஒரே ஓர் இழுப்பு என்றால் 'என்னை வெளியே இழு'. விடாமல் வெட்டி வெட்டி இழுத்தால் 'எதிரி உள்ளே புகுந்துவிட்டான், சுரங்க வாயை அடை, என்னை மறந்துவிடு'. உள்ளே இருப்பவன் கூடப்பிறந்தவனே ஆனாலும் அடைத்துவிடுவோம் என்று புனிதரின் எலும்புப் பேழைமேல் கைவைத்து எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள். கால் நொண்டி என்பதால் கயிறு பிடிக்கும் வேலை லான்ட்ரிக்குக்கு வந்தது.

தவக்காலம், இறைச்சி கிடையாது. ஆற்று விலாங்கைச் சுட்டுக் கொண்டுவந்த கிஸ்லா, நடுத்துண்டை ஹூனால்டுக்கு வைத்தாள். வால் லான்ட்ரிக்குக்கு.

"வேல செய்யறவன் அவன்தானேங்க" என்றாள்.

வாலை மென்றான். வார்த்தையையும் சேர்த்து விழுங்கினான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் சுரங்கம் எதிரியின் சுரங்கத்தைத் தொடப்போகிற அன்று, ஹூனால்ட் கயிற்றை இடுப்பில் கட்டும்போது, கிஸ்லா தன் கழுத்திலிருந்த தோல்பையைக் கழற்றினாள். புனிதரின் கல்லறையைச் சுரண்டி எடுத்த புழுதி அதற்குள் இருந்தது. அவள் ஊரில் பெண் பிறந்த அன்றே தாய் கட்டிவிடுவது. உயிரைக் காக்க ஒருவருக்கு மட்டும், வாழ்க்கையில் ஒரே தடவை, அதைக் கழற்றிக் கட்டலாம். முற்றுகை தொடங்கிய அன்று லான்ட்ரிக் மதிலுக்குக் கிளம்பும்போது வாசலில் அதற்காகவே வேண்டுமென்று தாமதித்து நின்றான். அவள் ரொட்டியைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

இப்போது எல்லோர் முன்னாலும் அதை, எலும்புபோல் இறுகுகிற ஒரு முடிச்சுப் போட்டு, ஹூனால்டின் கழுத்தில் கட்டினாள்.

"திரும்பி வந்து குடுத்துடணும், ஆமா."

"குடுக்காம எங்கடி ஓடிடப் போறேன்?" என்று சிரித்தபடி அவன் துளைக்குள் நுழைந்தான். தலை மறைந்தது, இடுப்பு மறைந்தது, கால்கள் மறைந்தன. கயிறு லான்ட்ரிக்கின் உள்ளங்கையில் ஊர்ந்தது. நின்றது.

சட்டித் தண்ணீர் மட்டும் ஆடியது.

கயிறு இழுபட்டது. ஒரே தடவை. தெளிவாக.

லான்ட்ரிக் அசையவில்லை. எலும்பு முடிச்சுப் போட்ட அந்தத் தோல்பையையே நினைத்துக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை இழுபட்டது, மெதுவாக, கூச்சப்பட்டு உதவி கேட்பதுபோல.

"உள்ள வந்துட்டானுங்க!" என்று ஒரு குரல் கத்தியது. லான்ட்ரிக்கின் குரல்தான். "அடைங்க! அடைங்கப்பா!"

சத்தியம் செய்தவர்கள் அழுதுகொண்டே கல்லைத் தள்ளினார்கள். கல், சுண்ணாம்பு, மறுபடியும் கல். கயிற்றின் நுனி மட்டும் கற்களுக்கிடையே ஒரு முழம் தொங்கியது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கிஸ்லா அதையே பார்த்தாள்.

"எத்தன தடவ இழுத்துச்சு?"

"விடாம இழுத்துச்சுடி. விடாம."

அவள் விளக்கைக் கயிற்றருகே வைத்துவிட்டுப் படியேறினாள்.

ஈஸ்டருக்கு முன்பே வடகடலார் தங்கள் குடிசைகளைக் கொளுத்திவிட்டு, கப்பலேறி ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டார்கள். கோயில் மணி அடித்தது. ஹூனால்டுக்குப் பூசை வைத்தார்கள். ஊரைக் காத்தவன் என்று பாட்டுக் கட்டினார்கள். செத்தும் விடமாட்டேன் என்கிறானே என்று லான்ட்ரிக் பொருமினான்.

எல்லா வீடுகளிலும் சட்டி அடுப்படிக்குத் திரும்பியது. கிஸ்லா மட்டும் எடுக்கவில்லை. கேட்டால், "இருக்கட்டுமே, என்ன கெட்டுப் போச்சு" என்றாள். பகலெல்லாம் நிலவறையில் கிடந்தாள். ஒரு மதியம் கீழேயிருந்து சிரிப்பு கேட்டது. வேலியோரத்தில் நின்று பேசுகிற சின்னப் பெண்ணின் சிரிப்பு. கல்யாணமான நாள்முதல் தன்னிடம் ஒருமுறையாவது அப்படிச் சிரித்திருக்கிறாளா? காலை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

"யார்கிட்டடி பேசுற?"

"தண்ணி ஆடுது, பாருங்க."

ஆடியது. வளையம் வளையமாக, யாரோ பொறுமையாகச் சுரண்டுவதுபோல.

"வடகடலான் போயாச்சு."

"அவங்க இல்லைங்க."

சட்டியைக் காலால் எட்டி உதைத்தான். தண்ணீர் மண்ணில் இறங்கியது. மறுநாள் சட்டி நிறைந்திருந்தது. தான் ஊற்றவில்லை என்றாள். தண்ணீரில் சுண்ணாம்பு வெண்மையாகக் கரைந்திருந்தது.

கயிறும் மாறியிருந்தது. ஒரு முழம்தானே தொங்கியது? இப்போது தரையைத் தொட்டது. அடுத்த நாள் தரையில் ஒரு சுருள் கிடந்தது. கல் ஒன்றுகூட அசையவில்லை, பூச்சில் கீறல் இல்லை, ஆனாலும் உள்ளேயிருந்து யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டிவிடலாம் என்று கத்தியோடு போய்ப் பிடித்தான். கயிறு ஈரமாக இருந்தது. ஈரத்தோடு சூடாகவும். கத்தியைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடி வந்து கதவைச் சாத்தினான்.

கிஸ்லா அடுப்பருகே ரொட்டி பிட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பற்றித்தான் கேட்க நினைத்தான். வாயில் வந்ததோ வேறு.

"அந்தப் பைய எனக்கு ஏன்டி கட்டல?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா?"

கையிலிருந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வாங்கித் தரேன்" என்றாள்.

நிலவறைக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவன் அடுப்பருகே முடங்கி, புண்ணின் காய்ச்சலில் கண்களை மூடினான்.

விழித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் ஏதோ குளிர்ந்தது.

தொட்டான். தோல்பை. நனைந்திருந்தது, சுண்ணாம்பு அப்பியிருந்தது, கிஸ்லா மட்டுமே போடுகிற அந்த எலும்பு முடிச்சு. நம்புவீர்களோ என்னவோ, முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கண் கலங்கியது. எனக்கும் கட்டிவிட்டாள். கடைசியில் எனக்கும்.

பிறகுதான் யோசித்தான். பை ஹூனால்டின் கழுத்தில் இருந்தது. ஹூனால்ட் கல்லுக்குள் இருந்தான்.

முடிச்சுக்குக் கீழே விரல் இறங்கியது. தோல்வார் அங்கே முடிந்துவிடவில்லை. வாரோடு வேறொன்று சேர்த்துப் பின்னப்பட்டிருந்தது. தடித்தது. ஈரமானது. சூடானது.

கயிறு.

மார்பைக் கடந்து, தரையைக் கடந்து, திறந்து கிடந்த நிலவறைக் கதவுக்குள் இறங்கியது.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நகம் ஏறவில்லை. கத்தி? கத்தி கீழே கிடந்தது.

"கிஸ்லா!"

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. அவனிடம் பேசும் குரல் இல்லை. வேலியோரத்துக் குரல்.

"கட்டிட்டேன்டா. ஒரே ஒரு தடவ இழு, போதும். அவருக்குப் புரியும்."

நிலவறையின் கடைசிப் படியில் தொய்ந்து கிடந்த கயிறு தரையை விட்டு எழுந்தது. அடுத்த படியிலும் எழுந்தது. அதற்கும் மேலே இருந்த படியிலும் நீர் சொட்டச் சொட்ட எழுந்தது.