அஞ்சாக் கதவம்

இதயத்தில் உணர்கதவம் பொருத்திக்கொண்டவர்களில் பதினோராவது ஆளும் இறந்துபோன செய்தி மருத்துவர் உமையாளுக்குக் காலை உணவு வேளையில் வந்தது. லாரி மோதியிருந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம். அவர் திரும்பிப் பார்த்தாராம். பார்த்துவிட்டு அதே நடையில் சாலையைக் கடந்தாராம். பிணக்கூறாய்வு அறிக்கையின் கடைசி வரி: ‘இதயம் நல்ல நிலையில் இருந்தது.’

பதினோரு அறிக்கைகளிலும் அந்த வரி இருந்தது. ஒருவர் வெள்ளம் புரளும் தரைப்பாலத்தில் இறங்கி நடந்தார். ஒருவர் மின்சாரம் ஓடும் கம்பியைக் கையால் விலக்கினார். ஒருத்தி, சமையலறை தீப்பற்றி எரிகையில், வாசலில் சாவகாசமாக உட்கார்ந்து செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள் உமையாள். அந்தக் கதவத்தை உருவாக்கியவள் அவள்தான். நாற்பத்து மூன்று பேருக்கு அதைப் பொருத்தியவளும் அவள்தான்.

பழைய இதய வால்வுகளின் குறைகளைத் தீர்க்க வந்தது அது. உலோக வால்வு வைத்தால் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். விலங்குத் திசுவால் ஆனது சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். உணர்கதவமோ நோயாளியின் சொந்தச் செல்களிலிருந்து நெய்யப்பட்டது, உயிருள்ளது. தன் இதழ்கள் கிழியாமல் காத்துக்கொள்ள அதற்கு ஒரு வழி கற்றுக்கொடுத்திருந்தாள்: இதயம் படபடக்கத் தொடங்கினால், அருகிலுள்ள நரம்பைத் தணித்துத் துடிப்பை அடக்கிவிடும்.

அந்த நரம்பு இதயத்தின் செய்தியை மூளைக்கும் கொண்டுபோகிறது என்பது அவளுக்குத் தெரியும். நெஞ்சு அடித்துக்கொள்ளாவிட்டால் மூளை பயப்படாது என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

மீதியிருந்த முப்பத்திரண்டு பேருக்கும் அன்றே எழுதினாள். ‘உங்கள் கதவம் உங்கள் உயிருக்கு ஆபத்தானது. உடனே வாருங்கள். மாற்ற வேண்டும்.’ பதில்கள் அன்பாகவே வந்தன. தீபாவளி கழியட்டும் என்றார் ஒருவர். மாடிப்படி ஏறினால்கூட மூச்சு வாங்கவில்லை, கவலைப்படாதீர்கள் என்றார் இன்னொருவர். ஒருவரும் வரவில்லை. பதில்களை மறுபடி மறுபடி படித்தாள் உமையாள். பயமில்லாதவர்களை எதைச் சொல்லி எச்சரிப்பது?

நான்காம் நாள் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். சங்கு குளிப்பவர், பெயர் கஸ்பார். அவராக வரவில்லை, மனைவி செசிலி கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

“முன்னெல்லாம் கடல்ல இறங்கும்போது அவிய சிலுவ போட்டுட்டுத்தான் இறங்குவாவ,” என்றாள் செசிலி. “இப்ப மூக்குல ரத்தம் வார வரைக்கும் மேல வரமாட்டேங்காவ. அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன் டாக்டர். போன ஞாயித்துக்கிழம எங்க மக ஜெனோவாவ, ஆறு வயசுப் பிள்ளைய, நடுக்கடல்ல வள்ளத்துலருந்து தூக்கிப் போட்டுட்டாவ. நீச்சல் பழகணுமாம்.”

“பழகிட்டால்லா?” என்றார் கஸ்பார் சிரித்த முகத்துடன்.

“கூட வந்தவுக குதிச்சுத் தூக்கலன்னா பிள்ள இல்ல டாக்டர்!”

தனக்காகப் பயப்படத் தெரியாதவருக்குப் பிள்ளைக்காகவும் பயப்படத் தெரியவில்லை.

கதவத்தின் நரம்பிழைகள் இதயத் தசைக்குள் வேர்விட்டிருக்கும் என்று விளக்கினாள். அறுத்தெடுக்கும்போது பத்தில் ஒருவர் பிழைக்காமல் போகலாம்.

“பத்துல ஒண்ணா? சரி டாக்டரம்மா, செஞ்சிருங்க.” டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால்கூட அவர் இப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தச் சம்மதத்தை எடுத்துக்கொள்ள உமையாளுக்கு மனம் வரவில்லை. செசிலியைப் பார்த்தாள். செசிலி பேனாவை எடுத்தாள். விரல் நடுங்கி நழுவியது. மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை, குருதிச்சுழலி இயந்திரம் கஸ்பாரின் இரத்தத்தைத் தன்வழியே ஓட்டத் தொடங்கியதும் இதயம் நிறுத்தப்பட்டது. உமையாள் திறந்து பார்த்தாள். நரம்பிழைகள் அவள் எதிர்பார்த்ததைவிட ஆழமாக, வெள்ளை நூல்களாகத் தசையெங்கும் பரவியிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டினாள். மூன்று மணி நேரம். ஏழாவது இழையில் தசை கிழிந்து தையல் நிற்காமல் போனது. இவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தாள். இரண்டாம் தையல் நின்றது. பழைய மாதிரி உலோக வால்வைப் பொருத்தி, இதயத்தை மறுபடி துடிக்க விட்டாள்.

மூன்றாம் நாள் கஸ்பார் கண் விழித்தார். சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் கண்கள் விரிந்தன. நெஞ்சுத் தையலையும் மறந்து எழப் பார்த்தார்.

“பிள்ள எங்க? செசிலி, பிள்ள எங்க?”

“வீட்ல எங்க அம்மாகூட இருக்கா. நல்லாத்தான் இருக்கா.”

“நான் தூக்கிப் போட்டேனே... கடல்ல போட்டேனே செசிலி!”

கதவம் பொருத்திய நாளிலிருந்து ஒன்பது மாதங்களாக வராத பயமெல்லாம் ஒரே மூச்சில் அவர்மேல் விழுந்தது. உடல் உதறியது. செசிலி அவர் தலையை அணைத்துக்கொண்டு அழுதாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

பத்து நாள் கழித்து, மற்றவர்களிடம் பேச முடியுமா என்று உமையாள் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. முப்பத்தொரு முகங்களும் சுவர்த்திரையில் தோன்றின. கஸ்பார் கைகூப்பினார்.

“வந்து எடுத்துருங்க ஐயா. நம்ம என்ன செய்தோம்னு நமக்கே தெரியல. என் பிள்ளையவே நான்...” எல்லார் முன்னாலும் விம்மி அழுதார்.

திரையிலிருந்தவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மங்கையர்க்கரசி முதலில் பேசினார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

“பாவம், நல்லா இருந்த மனுஷனை இப்படி ஆக்கிட்டீங்களே டாக்டர்.”

மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒவ்வொரு முகமாக வணக்கம் சொல்லி மறைந்தது. மங்கையர்க்கரசி மட்டும் போகாமல், உமையாளை உற்றுப் பார்த்தார்.

“ராத்திரி தூங்குறீங்களாம்மா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. எங்களை நினைச்சே பயந்து பயந்து இளைச்சுட்டீங்க. நீங்களும் ஒண்ணு வச்சுக்கலாமே?”

உமையாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேண்டாம் என்ற ஒரு சொல் வருவதற்கு அவள் நினைத்ததைவிட நேரமாயிற்று.