விடிந்ததும் கிளம்பலாம்

டீச்சரம்மா வீட்டுத் தரை ஆடியது.

பெரிதாக ஒன்றுமில்லை. டீயை மேஜைமேல் வைத்துவிட்டு டீச்சரம்மாவும் எதிரில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் வேறு யாரும் நடக்கவில்லை, கதவு சாத்தவில்லை, தெருவில் வண்டி எதுவும் போகவில்லை. ஆனாலும் கோப்பையிலிருந்த டீ ஒரு வட்டம் போட்டு அடங்கியது. நாற்காலிக்கு அடியில் தரை நூலளவு அமிழ்ந்து மறுபடி எழும்பியதை நர்ஸம்மா உள்ளங்காலில் உணர்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. செங்கல்லும் சிமெண்டுமாகக் கட்டிய வீட்டுத் தரை அப்படி அசையக் கூடாது. அவளுடைய கேரவன்தான் அப்படி அசையும். ராத்திரி புரண்டு படுத்தால்கூட அதன் ஸ்பிரிங் முனகும்.

"தரை ஆடுற மாதிரி இருக்கே?" என்று கேட்டாள்.

டீச்சரம்மா அறைக் கோடியில் தொங்கிய கனத்த பச்சைத் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ரோட்டுலயே இருந்துட்டு வந்தீங்கல்ல. முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்."

அதுவும் சரிதான் என்று நர்ஸம்மா டீயைக் குடித்தாள்.

முப்பது வருஷம் வார்டில் நின்று முழங்கால் தேய்ந்தவள் அவள். வேலையில் இருந்தவரை மூச்சுவிட நேரமிருக்காது. இந்தப் பக்கம் ஒருவர் சிஸ்டர் என்பார், அந்தப் பக்கம் இன்னொருவர் தண்ணீர் என்பார். ஓய்வு பெற்ற மறுநாளே எல்லாம் ஓய்ந்துவிட்டது. சிலிண்டர் கொண்டுவருகிறவனைத் தவிர அவள் ஃபிளாட்டின் கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை. அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் ஃபிளாட்டை விற்று இந்தப் பழைய கேரவனை வாங்கினாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, முன்னால் ஸ்டியரிங். ஒண்டிக்கட்டைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஊர் சுற்றியது போதும், தங்கையிடம் போய்ச் சேரலாம் என்று புறப்பட்டபோதுதான் இந்த ஊர் குறுக்கிட்டது. தங்கைக்கு இதய ஆபரேஷன். கூட யார் இருப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அவள் அக்கா பெயரைச் சொல்லியிருந்தாள். சொல்வதற்கு அவளுக்கும் வேறு பெயர் கிடையாது.

ஊரின் முதல் திருப்பத்திலேயே என்ஜின் கொதித்து நின்றது. "வாட்டர் பம்ப் போயிடுச்சுக்கா. வெளியூர்ல இருந்து வரணும். ரெண்டு மூணு நாள்ல வந்துடும்" என்றான் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும், நல்ல சிரித்த முகம். அவனே வண்டியை இழுத்து வந்து, டீச்சரம்மா வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்த காலி இடத்தில் நிறுத்தினான். அளவெடுத்து விட்டுவைத்த இடம் மாதிரி வண்டி அதில் பொருந்திக்கொண்டது.

அப்புறம் ஆரம்பித்தது உபசாரம். ஒருவர் ரொட்டி கொண்டுவந்தார், ஒருவர் சூப் கொண்டுவந்தார், ஒருவர் ஒயர் இழுத்து விளக்குப் போட்டுக் கொடுத்தார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வேறொரு பாத்திரத்தோடுதான் அவளை அனுப்பினார்கள். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் தம்பி. நான் நர்ஸு, எனக்குத் தெரியாதா?" என்று அவள் சொன்னபோது மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தான். "அதெல்லாம் மத்த ஊர்லக்கா."

மடக்குப் படியில் ஏறும்போது அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டதை அந்தத் தெருக் கொத்தனார் பார்த்துவிட்டார். மறுநாள் அவள் கண்விழித்தபோது கேரவன் வாசலில் சிமெண்டு படி இருந்தது, ஓரமெல்லாம் வழவழப்பாகத் தேய்த்து. இரண்டு நாள் கழித்து, மழைக்கு ஒதுங்க வாசலுக்கு மேல் ஒரு கூரை. அதற்கப்புறம், வண்டிக்கு அடியில் குளிர்காற்று ஏறுகிறதென்று சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர்.

"போகப் போறவளுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவும்?"

"இருக்கிற வரைக்கும் வசதியா இருக்கட்டுமேக்கா. போறப்ப இடிச்சுட்டாப் போச்சு."

கொத்தனார் போன பிறகு அந்தப் படியில் உட்கார்ந்து நர்ஸம்மா அழுதாள். அவளுக்காக என்று யாரும் எதையும் கட்டியதில்லை.

ராத்திரி தங்கை போனில் கேட்டாள், "எப்பக்கா வர்றே?"

"பம்ப் வந்துடும்டி. நாளைக்குக் கிளம்பிடுவேன்."

அடுத்த ராத்திரியும் அதையே சொன்னாள். அதற்கடுத்த ராத்திரியும் சொன்னாள். "வர விருப்பமில்லைன்னா சொல்லிடு" என்று தங்கை வெடுக்கென்று வைத்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஆமாம் என்று தலையாட்டியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தத்தான் செய்தன. அந்தத் தெருவின் வீடுகள் எல்லாமே ஒடுக்கமாக, நீளவாக்கில், ரோட்டுக்கு முகம் காட்டி நின்றன. ஆனால் ரோட்டைப் பார்த்த சுவரில் ஒரு வீட்டுக்கும் ஜன்னல் இல்லை. கேட்டதற்கு, தூசி வரும் என்றார் கொத்தனார். கார் ஒன்றுகூட ஓடாத ரோட்டில் எங்கிருந்து தூசி என்று அவள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள். எல்லா வீட்டிலும் அந்த ரோட்டுப் பக்கக் கோடியில் ஒரு திரை தொங்கியது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பும்போது குரலைத் தாழ்த்தினார்கள். அப்புறம் அந்த வாசனை. டீச்சரம்மா ஊதுவத்தி கொளுத்தி வைப்பார், ஜன்னலைத் திறந்து வைப்பார், ஆனாலும் பவுடருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அடியில் இனிப்பாக ஒன்று கசிந்துகொண்டே இருக்கும். எங்கேயோ முகர்ந்த வாசனை, எங்கே என்று பிடிபடவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிடிபட்டது.

வானம் கறுத்து, ஊர் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. சூப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, பம்ப் வந்தாலும் வராவிட்டாலும் விடிந்ததும் ஏதாவது வண்டி பிடித்துப் போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வர அவள் போனாள். டீச்சரம்மா வீட்டில் இல்லை. கதவு திறந்திருந்தது, அந்த ஊரில் யாரும் பூட்டுவதில்லை. ஊதுவத்தி அணைந்துபோன அந்த இருட்டில் வாசனை மட்டும் கனமாக நின்றது. படுக்கைப் புண். மாசக்கணக்கில் அசையாமல் ஒரே நிலையில் கிடக்கும் உடம்பு வீசும் வாசனை. முப்பது வருஷம் அதைக் கழுவித் துடைத்தவளுக்குக் கால் தானாக அந்தப் பக்கம் நடந்தது. பாவம், யாரோ நோயாளி.

திரையை விலக்கினாள்.

கட்டில் இல்லை. இரண்டு சீட்டுகள். ஒரு ஸ்டியரிங். அகலமான முன்கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், செங்கல். வரிசை வரிசையாகச் செங்கல், நடுவில் பிதுங்கிக் காய்ந்த சிமெண்டு.

டிரைவர் சீட்டில் ஒரு கிழவர். பெல்ட் போட்டிருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். நகம் வளர்ந்து உள்ளங்கைப் பக்கம் வளைந்திருந்தது. பக்கத்துச் சீட்டில் மடித்து வைத்த கோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில். புறப்படத் தயாராக.

அவள் கிழவரின் மணிக்கட்டைத் தொட்டாள். சூடாக இருந்தது. நாடி ஓடிக்கொண்டிருந்தது.

பெல்ட்டைக் கழற்றப் போனாள். கிழவர் தலை திரும்பியது. கண்ணில் நீர் கோத்திருந்தது. வாய் மட்டும் சாதாரணமாக, பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி பேசியது.

"கழட்டாதீங்கம்மா. ரோடு காலியா இருக்கு. பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. நாளைக்குக் கிளம்பிடுவேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதித்தது. மிதித்தது. விட்டது. மிதித்தது. தரை அமிழ்ந்து அமிழ்ந்து எழும்பியது. கண்கள் அவளையே பார்த்தன.

"பாத்துட்டீங்களா?"

பின்னால் டீச்சரம்மா. கோபமே இல்லை. நனைந்த குடையை மடக்கிக்கொண்டே கேட்டார். "எங்க அண்ணன்தான். நாங்க நல்லாத்தான் பாத்துக்கிறோம். டீ போடட்டுமா?"

ஓடினாள். மழையில், வலிக்கிற முழங்காலோடு. இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத சுவர்கள். ஒவ்வொரு சுவருக்கும் பின்னால் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும்.

கேரவனில் ஏறித் தாழிட்டாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது, ஒரு கோளாறும் இல்லாத என்ஜின் மாதிரி. மெக்கானிக் எப்போது சரிசெய்தான்? கியரைப் போட்டு மிதித்தாள். வண்டி உறுமியது, நடுங்கியது, முன்னால் விரற்கடை நகர்ந்து செங்கல்லில் முட்டி நின்றது. பின்னால் எடுத்தாள். அங்கேயும் செங்கல்.

கண்ணாடியில் விளக்கொளி விழுந்தது. மெக்கானிக், கொத்தனார், டீச்சரம்மா, அவர்களுக்குப் பின்னால் தெருவே திரண்டு, மழையில் நனைந்துகொண்டு. ஒருவர் கையிலும் கடப்பாரையோ கட்டையோ இல்லை. ஒருவர் கையில் சூப், ஒருவர் கையில் போர்வை.

"மெதுவாக்கா, டயர் கிழிஞ்சிடும்" என்றார் கொத்தனார், பதறிப்போய். "போகணும்னா சொல்ல வேண்டியதுதானே? விடிஞ்சதும் நானே இடிச்சு விட்டுடறேன். இந்த மழையில எங்க போவீங்க?"

டீச்சரம்மா திறந்திருந்த பக்க ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வெதுவெதுப்பான துவாலையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். நெற்றி, கன்னம், காதுக்குப் பின்னால். நர்ஸம்மா எத்தனையோ பேருக்கு அப்படித் துடைத்துவிட்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் துடைத்துவிட்டதில்லை. அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. துவாலை ஆறும் வரைக்கும் அவள் முகத்தை நகர்த்தவில்லை.

சரி. விடிந்ததும் கிளம்பலாம். ஆனால் ஏமாறக் கூடாது. தூங்கக் கூடாது. இந்தச் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே கூடாது. அவர்கள் போனதும் ஜன்னலை ஏற்றினாள், பெல்ட்டைப் போட்டாள், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். முன்கண்ணாடிக்கு வெளியே மழையில் ரோடு நீளமாக, காலியாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது கண் சொருகியது என்று தெரியவில்லை.

விழித்தபோது இருட்டு. நல்லவேளை, இன்னும் விடியவில்லை. மழைச் சத்தம் இல்லை. வேறொரு சத்தம். சரக், சரக் என்று, பொறுமையாக, எதையோ வழித்துத் தேய்க்கும் சத்தம். ஈர சிமெண்டு வாசனை.

போன் அடித்தது. அதன் வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுந்தது.

செங்கல்.

ஒரு சாண் தூரத்தில். வரிசை வரிசையாக. ஈரமாக.

"அக்கா, எங்கேக்கா இருக்கே?" தங்கையின் குரல் உடைந்திருந்தது. "விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. கூட யாருன்னு கேக்குறாங்க. எனக்கு பயமா இருக்குக்கா."

என்னைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள், போலீசுக்குச் சொல், என்று கத்தத்தான் நர்ஸம்மா வாயைத் திறந்தாள்.

"ரோடு காலியா இருக்கு" என்றது அவள் வாய். "நாளைக்குக் கிளம்பிடுவேன்."

"நாளைக்கா?" என்றாள் தங்கை. அப்புறம் யாரோ அவளிடமிருந்து போனை வாங்கி அணைத்தார்கள். வெளிச்சம் போனது. செங்கல்லும் போனது.

அவளுக்குப் பின்னால் திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டு நகர்ந்தன.

அதற்கப்புறம் எத்தனை காலம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வேளாவேளைக்கு ஒரு கரண்டி அவள் உதட்டில் வந்து பட்டது. துவாலை வந்தது, எப்போதும் வெதுவெதுப்பாக. பவுடர் வாசனை வந்தது. அதற்கு அடியில் இனிப்பாக ஒன்று வர ஆரம்பித்தபோது, எங்கிருந்து வருகிறது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் பின்னால் புதுக் காலடி கேட்டது. ஆண்பிள்ளைக் குரல், தூரம் ஓட்டி வந்த களைப்போடு. மேஜைமேல் கோப்பை வைக்கும் சத்தம். ரெண்டு மூணு நாள்ல பார்ட்ஸ் வந்துடும் என்று மெக்கானிக் சொல்வது. மெதுவா பேசுங்க, உள்ளே எங்க அக்கா இருக்காங்க என்று டீச்சரம்மா சொல்வது.

ஓடு, என்று நர்ஸம்மா கத்தினாள். வாய் திறக்கவில்லை. கை ஸ்டியரிங்கைவிட்டு வரவில்லை. உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தாள். வலது கால் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

மிதித்தாள். விட்டாள். மிதித்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கோப்பை மேஜைமேல் கிணுங்கியது.

"தரை ஆடுற மாதிரி இருக்கே?"

டீச்சரம்மா சிரித்தார். "ரோட்டுலயே இருந்துட்டு வந்தீங்கல்ல. டீ ஆறுது பாருங்க, குடிங்க."

மிதித்தாள்.