பத்தொன்பது பைகள்

அறைக்குள் இருந்தவர்கள்: அத்தை, சரக்கு கொண்டுவரும் வேன் மாமா, வாண்டு. மேசை மேல் பத்தொன்பது பைகள். கதவுக்கு வெளியே இருபத்தாறு பேர்.

வாண்டுக்குப் பத்து வயது. சன்னல் வழியாக மூன்று முறை எண்ணிவிட்டாள். ஒரு தலைகூடக் குறையவில்லை.

ஆலையை மூடி ஊரில் பலர் வேலை இழந்த பிறகு, காலியாகக் கிடந்த இந்தத் தையல் கடையில் வாரம் ஒரு நாள் அத்தை உணவுப் பை கொடுத்துவந்தாள். அரிசி, மாவு, பருப்பு, பால் பவுடர், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம். எல்லாப் பையிலும் எல்லாம் ஒரே அளவு. இந்த வாரம் சரக்கு குறைவாக வந்துவிட்டது.

"முதல் பத்தொன்பது பேருக்குக் கொடுங்க. மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார் வேன் மாமா.

"என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள் அத்தை.

மாமா மீசையைத் தடவினார்.

"அத்தை, பைய எல்லாம் அவிழ்த்துடலாமா?" என்றாள் வாண்டு.

"எதுக்குடி?"

"போன வாரம் எல்லாரும் போனப்புறம் வெளிச்சுவர் மேல மூணு பருப்பு, நாலு பால் பவுடர் இருந்துச்சு. வேண்டாததை வச்சிட்டுப் போயிருக்காங்க. பரப்பி வைப்போம். வேணுங்கறத அவங்களே எடுக்கட்டும்."

"நல்லா எடுப்பாங்க. முதல் ஆளே மூட்டை கட்டிடுவாரு. கடைசி ஆளுக்கு மேசையத்தான் கொடுக்கணும்," என்றார் மாமா.

அத்தை நகத்தைக் கடித்தாள். பிறகு முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

முதலில் வந்த அம்மாவின் கையில் பெரிய சாக்கு இருந்தது. வாண்டு அந்தச் சாக்கையே பார்த்தாள். அந்த அம்மா இரண்டு அரிசிப் பொட்டலம் எடுத்தார். பால் பவுடரைத் தொடவில்லை.

"வீட்ல குடிக்க ஆள் இல்ல," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அடுத்தவர் மாவு மட்டும் கேட்டார். ஒருவர் பருப்பைத் திருப்பி வைத்தார். இன்னொருவர் கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளினார். மாமா இருமினார். அள்ளியவர் அரிசியில் ஒன்றைக்கூடத் திருப்பி வைக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாமா.

வாண்டு மேசையையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபதாவது ஆளோடு அரிசி தீர்ந்தது. இருபத்து மூன்றில் பருப்பு தீர்ந்தது. வரிசையில் இன்னும் மூன்று பேர்.

கடைசியாக, கைக்குழந்தையோடு ஓர் அக்கா தயங்கியபடி உள்ளே வந்தார். மேசையில் இருந்தது ஒரு மாவு, மூன்று பால் பவுடர்.

"அரிசி முடிஞ்சிடுச்சுக்கா," என்றாள் வாண்டு.

அக்கா பால் பவுடரையே பார்த்தார். "இதுல எத்தனை எடுக்கலாம்?"

"மூணும் உங்களுக்குத்தான்."

அக்கா மாவையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டார். "இந்த வாரம் ஓடிடும்," என்றார்.

"அடுத்த வாரம் சீக்கிரம் வாங்க," என்றாள் அத்தை.

மாமா வெறும் மேசையைத் தட்டிப் பார்த்தார். "சரி, மேசை நமக்கு மிச்சம்."

அக்கா படியிறங்கும்வரை வாண்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்திப் பூட்டினாள்.