ஓரத்தில் நிற்பவள்

டிவியின் இடது ஓரம் படத்தை ஒரு விரல் அகலத்துக்கு விழுங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் கவனித்தவள் எழில்மதிதான். அவள் புருஷன் பகலவன் அச்சடித்து வாங்கி வந்த காதுகுத்து பிளக்ஸில், தாய்மாமனுக்குப் பக்கத்தில் ஒரு குடத்தின் பாதி தெரிந்தது. டிவியில் அந்தக் குடம் இல்லவே இல்லை.

"டிவிய கம்ப்யூட்டருக்கு மாட்டுனா ஓரத்த கொஞ்சம் முழுங்கும் எழிலு. நம்ம கண்ணுக்குத் தெரியலன்னாலும் படம் அங்கதான் இருக்கும்" என்றான் அவன்.

அது அவளுடைய டிவி. கல்யாணத்துக்கு அவள் அண்ணன்மார் சீராகக் கொடுத்த ஐம்பது அங்குல டிவி. கள்ளக்குறிச்சியில் துருகம் சாலைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் ஹாலில் உட்கார்ந்துதான் பகலவன் கல்யாணத்துக்கும் மஞ்சள் நீருக்கும் சாவுக்கும் பிளக்ஸ் செய்வான். பழைய மானிட்டர் புகைந்துபோனதும், புதுசு வாங்குகிற வரைக்கும் என்று சொல்லி அவள் டிவியில் கம்பியைச் சொருகினான். அன்றிலிருந்து அவள் சோறு வடிக்கும்போதும் தலை வாரும்போதும், ஆள் உயர மூஞ்சிகள் சுவரிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அதுகூடப் பழகிவிட்டது. சந்தியா வருகிற வரைக்கும்.

சந்தியா செத்து வருஷம் திரும்பப்போகிறது. தியாகதுருகத்துப் பெண். எழில்மதியைப் பார்க்குமுன்பு பகலவன் பெண் பார்த்துவிட்டு வந்த இடம். அவனுக்குப் பிடித்துத்தான் இருந்ததாம், ஜாதகம் கூடவில்லை. கல்யாணமான புதிதில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னது. அவளும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அந்தப் பேரை அவள் மறக்கவில்லை.

நினைவஞ்சலி பிளக்ஸுக்காக சந்தியாவின் அண்ணன் கொண்டுவந்தது, யார் வீட்டுக் கல்யாணத்திலோ கும்பலாக நின்று எடுத்த படம். அதிலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய பிறகும் அவள் தோளின்மேல் ஒரு கை மிச்சமிருந்தது. பக்கத்தில் நின்ற யாருடையதோ. நாலு விரலும் கொஞ்சம் புறங்கையும் தெரிந்தன. மீதியை டிவியின் ஓரம் விழுங்கியிருந்தது.

பகலவன் அந்தக் கையை அழித்தான். மறுநாள் காலையில் அது மறுபடியும் இருந்தது.

"சேவ் ஆவல போல" என்று சொல்லி மறுபடி அழித்தான். சாயங்காலம் மறுபடியும் இருந்தது. எழில்மதிக்குக் கையைப்பற்றிக் கவலையில்லை. அவளுக்கு முகம்தான் உறுத்தியது. அடுப்படியில் நின்றால் மவுஸ் தட்டுகிற சத்தம் காதில் விழும். டிக், டிக், டிக்கென்று, யாரோ நகத்தால் கதவைத் தட்டுவதுபோல. எட்டிப் பார்த்தால் அவன் அந்தப் பெரிய கன்னத்தின்மேல் அம்புக்குறியை மெதுவாக, எச்சில் விழுங்கக்கூட மறந்து, தடவிக்கொண்டிருப்பான். ஒரு பரு போகும். ஒரு சுருக்கம் போகும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் வைப்பான். செத்தவள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனாள்.

"எத்தினி நாளுதான் அந்த மூஞ்சிய தடவிக்கினு இருப்பீங்க?"

"அவங்கண்ணன் நல்லா வரணும்னாரு."

"என் மூஞ்சில மச்சம் எந்தப் பக்கம் இருக்குது? திரும்பாம சொல்லுங்க பாப்பம்."

மவுஸ் நின்றது. "வலது" என்றான். பிறகு, "இல்லியா?" என்று கேட்டான். அப்போதும் திரும்பவில்லை.

அந்த எரிச்சலில்தான் மறுநாள் காலையில் தாளிக்கிற கரண்டியில் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். புளியங்கொட்டை அளவுக்குத் தோல் கன்றிப்போனது. அதையும் அவன் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் சின்னசேலத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்கப் போனான். கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்து, வெளிச்சம் விளக்கேற்றும் முன்பே அடங்கிவிட்டது. ஈரக்காற்றில் மரவள்ளி ஆலையின் புளித்த வாடை வந்தது. அதற்கும் அடியில், மழை பெய்யாமலே நனைந்துபோன பூமாலையின் வாடை. ஹாலில் டிவி எரிந்துகொண்டிருந்தது. சந்தியாவின் முகத்து வெளிச்சம் தரையிலும் பாயிலும், எழில்மதி கட்டியிருந்த பச்சைப் புடவையிலும் மஞ்சளாக விழுந்தது.

அவள் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அழிப்பது எப்படி என்று பார்த்துப் பார்த்து அவளுக்குத் தெரியும். இந்த டிவியில் கை நகர்ந்து ஒரு நொடி கழித்துத்தான் அம்புக்குறி நகரும். அவன்கூட அதைச் சொல்லிச் சலித்துக்கொள்வான். அவள் அந்தக் கண்ணின்மேல் வைத்துத் தேய்த்தாள். கண் போகவில்லை. உதட்டில் தேய்த்தாள். உதடு போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, அம்புக்குறி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அவள் கை அதன் பின்னால் போனது.

கீழே. தோளுக்கு. அங்கே அந்தக் கை. காலையில் பார்த்ததைவிட இன்னும் உள்ளே வந்திருந்தது. புறங்கை. வளையல். மணிக்கட்டு. மணிக்கட்டில் ஒரு கன்றல்.

புளியங்கொட்டை அளவு.

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். அந்தப் படம் எடுத்தது சந்தியா உயிரோடு இருந்தபோது. இந்தத் தீக்காயம் இன்றைக்குக் காலையில் பட்டது.

வாசலில் வண்டி நின்றது. பகலவன் வழியில் மழைக்கு நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. எழுந்து ஓடி, ஆறிப்போன காபியைச் சுடவைத்து, டம்ளரோடு அவன் பின்னால் வந்து நின்றாள். சொல்ல வாய் வரவில்லை.

"அச்சுக்கடையில ஒரு வழி சொன்னாங்க. ரிமோட்லயே இருக்குதாம். ஓரமெல்லாம் தெரியுமாம்" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

படம் சுருங்கியது. விழுங்கப்பட்டிருந்த ஓரம் வெளியே வந்தது. முழங்கை. தோள். பச்சைப் புடவை. பிறகு முகம். சந்தியாவை ஒட்டிக்கொண்டு, வாய் வராமல், கண் விரிய நின்றுகொண்டிருந்தாள் எழில்மதி.

"யாரோ ஒருத்தி ஒட்டிக்கினு நிக்கிறா பாரு" என்றான் பகலவன். "இதனாலதான் கை வந்துகினே இருக்குது."

"ஏங்க. நானுங்க அது."

அவன் மவுஸை எடுத்தான்.

விரலில் ஆரம்பித்தான். வலிக்கவில்லை. சில்லென்று இருந்தது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. அவன் திரும்பவில்லை. டிக், டிக். மணிக்கட்டு. முழங்கை. தோளில் பாரம் போனதும் சந்தியாவின் கண்கள் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தன. எழில்மதி வாசலுக்கு ஓடப் பார்த்தாள். கீழே குனிந்தாள். படத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இங்கேயும் இல்லை.

பிறகு அவன் முகத்தைப் பெரிதாக்கினான். ஐம்பது அங்குலமும் அவள் முகம். அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், அவள் நெற்றியை, புருவத்தை, கன்னத்தை ஒவ்வொரு நூலாகப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை இப்படிப் பார்த்ததே இல்லை.

அம்புக்குறி அவள் கன்னத்தை மென்மையாகத் தொட்டது.

"மச்சம் வேற" என்று முணுமுணுத்தான். "இடது பக்கம்."

டிக்.