துடக்குக் கழியாத வீடு

தலைமன்னாரில் அந்த வீட்டை வாங்கப் போன அன்று பிறின்சி கூரை, கிணறு, கக்கூசு, காணி உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் துருவிப் பார்த்தாள். பின்னறை வாடகைக்காரியை மட்டும்தான் பார்க்கவில்லை. விற்கிறவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன் மில்ரன். கடலுக்குப் போன புருசன் திரும்பாத நாளிலிருந்து ஊர் ஊராக இடிபட்டவளுக்கு, முன்பக்கத்தில் குடியிருந்து பின்னறை வாடகையில் சீவிக்கலாம் என்று ஆசை காட்டியவனும் அவன்தான். தாலிக்கொடியை விற்றுத்தான் வாங்கினாள்.

"பிள்ளை பெத்து இன்னும் துடக்குக் கழியேல்லை. உள்ளுக்குப் போகாதை தங்கச்சி, வெளியிலை நிண்டு கதை" என்றான் மில்ரன்.

பச்சை உடம்புக்காரியின் அறைக்குள், பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியுமுன் நுழைவது அங்கே வழக்கமில்லை. பிறின்சி வாசலில் நின்றே, தொடர்ந்து இருக்க விருப்பமா என்று கேட்டாள். திரைக்குப் பின்னால் "ஓம் அக்கா" என்று மெல்லிய குரல் வந்தது. பிள்ளைக்கு உரைத்த வசம்பு மணத்தது. வேறென்ன வேண்டும்? நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். சொந்த அண்ணனிடம் அதை யார் நினைப்பார்கள்?

உறுதி எழுதி முடிந்த கையோடு மில்ரன் கொழும்புக்குப் போய்விட்டான். பிறின்சி குடிவந்தாள்.

துடக்குக் கழியும் நாளில் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு பின்னறைப் பக்கம் போனாள். வெயில் சாயும் நேரம். கொடி வெறுமையாகக் கிடந்தது. குடிவந்த நாளிலிருந்து அதில் ஒரு பீத்துணிகூடக் காயவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேலிக்கு அப்பால் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த றஞ்சிதத்திடம் விசாரித்தாள். றஞ்சிதம் சிலுவை போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். போன மாரியில், துடக்குக் கழியுமுன்பே, பிள்ளை பெற்ற அந்த வாடகைக்காரி பின்னறையில் செத்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் மில்ரன். பார்க்க ஆளில்லாமல் அதே கிழமை பிள்ளையும் போய்ச் சேர்ந்தது.

பிறின்சி முற்றத்தில் நின்றபடி அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"தெரிஞ்சுகொண்டோ எனக்கு வித்தனீங்கள்?"



"செத்தும் என்னை நித்திரை கொள்ள விடுறாளில்லை. பிள்ளைக்கு வேறை ஆளைக் காட்டினால் விடுறன் எண்டவள்."

போனை வைத்துவிட்டான்.

பயத்துக்கு முன்னால் மனம் வெந்த வெப்பியாரம்தான் வந்தது. ஒரு வயிற்றில் பிறந்தவன் தங்கச்சியைத்தானா காட்டினான்? பின்னறை வாசலிலேயே குந்தி, வாய்விட்டு அழுதாள்.

காற்றில்லை.

திரை அசைந்தது.

"அழாதேங்கோ அக்கா. அண்ணர் எல்லாம் சொன்னவர். பிள்ளையை நீங்கள் பாப்பீங்களாம்."

பிறின்சி எழுந்து ஓடத்தான் பார்த்தாள்.

வெறுங்கையில் பாரம் ஏறியது.

குளிர்ந்த சின்ன வாய் ஒன்று அவள் சட்டையை விலக்கிப் பால் தேடியது.