தட்டு புரட்டும் சத்தம்

வீட்டில் ஒரு ஏலக்காய்கூட இல்லை. மிச்சமிருந்த நாலு காயும் தைப் பொங்கலுக்கே தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் சூட்டில் காய்கிற பச்சை ஏலக்காயின் வாசம் அடுப்படிப் பக்கமிருந்து மெதுவாக ஊர்ந்து வந்து, கட்டிலை ஒட்டித் தரையில் பாயில் படுத்திருந்த சுப்புத்தாயின் மூக்கில் ஏறி, அவளை எழுப்பிவிட்டது.

போடியில் ஏல வாசம் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கடைத்தெருவில் மணப்பது காய்ந்த காய். இது ஈரம் ஆவியாகப் பறக்கிற காயின் வாசம், மலைமேல் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் மட்டுமே வருவது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அழுகப்போகிற பழம்போல இனிப்பான ஒரு நாற்றம். அது ஒரு மாதமாகப் புருஷனின் மூச்சில் வருகிற நாற்றம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் காசிமாயன் முப்பது வருஷம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர்க்காரர். பறித்து வந்த காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, விறகுச் சூட்டில் ராத்திரி முழுக்கக் காய வைக்க வேண்டும். கண் அசந்தால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போய்விடும். பேய்கூட விடியக்காலம் கண்ணை மூடும், ஸ்டோர்க்காரன் மூடமாட்டான் என்று மலையில் கேலி பேசுவார்கள். அதனாலேயே அந்த மனிதர் குடியைத் தொட்டதில்லை. ஆனால் ஈரல் சுருங்கி, வயிறு நீர் கோத்து நின்றபோது ஊர் அவரைக் குடிகாரன் என்றது. சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலை என்று டாக்டர் சொன்னதை வீடு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சுப்புத்தாய்க்கு அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், ஒரு வருஷத்தில் தொடைக் கறியெல்லாம் கரைந்து, தண்ணீர் டம்ளரைத் தூக்கக் கை உதறுகிறவராகிவிட்டார். கணுக்கால் மட்டும் வீங்கிக் கிடந்தது. தினமும் படுக்கும் முன் அவள் அதைக் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்திப் பார்ப்பாள். குழி விழும், பிறகு மெல்ல மெல்ல நிரம்பும். அது நிரம்புகிறவரை அவளுக்குப் படுக்க மனசு வராது.

போன மாதம் குளியலறை வாசலில் அவர் விழுந்ததிலிருந்து, பழைய நூல் சேலை ஒன்றின் ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுத்தாள். எழுந்தால் தெரியுமல்லவா.

"ஏ புள்ள, நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று முதல் நாள் சிரித்தார்.

"ஆமா. அவுத்துட்டு ஓடிறக் கூடாதுல்ல."

பகலெல்லாம் தூங்கி வழிவார். ராத்திரி உட்கார்ந்துகொள்வார். "தட்டு புரட்டணும் சுப்பு, காய் வெளுத்துரும்" என்று இல்லாத தட்டை இருட்டில் துழாவுவார். கை இரண்டும் தானாக உதறும். அவளுக்கு அது நோயாகவே தோன்றவில்லை. டாக்டர் கேட்கத்தான் செய்தார்: "ராத்திரி தூக்கமெல்லாம் எப்படிம்மா?" அவளோ சிரித்துவிட்டாள். "ஸ்டோர்க்காரருங்க சார். முப்பது வருசமா ராத்திரி முழிப்பு, பகல்ல தூக்கம். அப்படியே பழகிப்போச்சு." டாக்டரும் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

முப்பது நாள் கண்மூடாமல் கிடந்தால் கல்லும் தேயும். நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜோதி ஒரு மாத்திரையை நீட்டினாள். "எங்க அத்தைக்கு எழுதிக் குடுத்தது மதினி. பால்ல கலந்து குடுங்க, அசந்து தூங்கிருவாரு." ஒரே ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் சுப்புத்தாய் அதைப் பாலில் கலந்து கொடுத்தாள். அந்த ஒரு ராத்திரி தனக்கும் வேண்டியிருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்.

ஒன்பது மணிக்குப் பாலைக் குடித்தார். இப்போது மணி பார்க்கப் போனை எடுத்தாள். இரண்டே கால். திருப்பூரிலிருந்து மகள் முத்துப்பிரியா ஐந்து தரம் கூப்பிட்டிருந்தாள். கடைசியில் குரலில் ஒரு செய்தி. போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"அம்மா, இங்க ஒரு நர்சக்காகிட்ட விசாரிச்சேன். பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கிறது ஸ்டோர் பழக்கம் இல்லயாம். ஈரல் கெட்டுப்போனா கழிவு தலைக்கு ஏறுமாம், அதுதானாம். காலையில மொத சோலியா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. தூக்க மாத்திரை மட்டும் குடுத்துறாதம்மா. அப்புறம் அப்பா எந்திரிக்கவே மாட்டாராம். கேக்குதாம்மா?"

போன் திரை அணைந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடுப்படியில், கம்பிவலைமேல் காய்களை உள்ளங்கையால் தள்ளிப் பரப்புகிற சரசரப்பு. ஒரு தட்டு. பிறகு அதை உள்ளே தள்ளுகிற கிறீச். அடுத்த தட்டு.

மணிக்கட்டில் சேலை மெல்ல இழுபட்டது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்துவிட்டார். மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. குலசாமி காப்பாற்றிவிட்டது.

"ஏங்க, மெதுவா நடங்க. விழுந்துறாதீங்க."

சரசரப்பு நின்றது.

"நீ தூங்கு சுப்பு." அவர் குரல்தான். ஆனால் இந்த ஒரு வருஷத்து இழுவையும் திக்கலும் அதில் இல்லை. மலையிலிருந்து சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்குவாரே, அந்தக் குரல். "நான் முழிச்சிருக்கேன்ல."

எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. அவள் சிரித்தபடி எழுந்திருக்கக் கட்டிலின் விளிம்பைப் பிடித்தாள்.

கையில் ஒரு கால் பட்டது.

வீங்கிய கால். சில்லிட்டிருந்தது.

அவள் அசையவில்லை. அடுப்படியில் மறுபடி சரசரப்பு. ஒரு தட்டு. கிறீச். அடுத்த தட்டு. கட்டிலில் மூச்சுச் சத்தம் இல்லை. அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டாள். இல்லை.

கட்டைவிரல் தானாகவே கணுக்காலைத் தேடிப் போயிற்று. பழக்கம். அழுத்தினாள். எடுத்தாள். போன் வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தாள்.

குழி விழுந்திருந்தது.

காத்திருந்தாள். நிரம்பும். எப்போதும் நேரமாகும். நிரம்பும். ஐயா, நிரம்பிரு.

குழி அப்படியே இருந்தது.

வெளிச்சத்தை மேலே கொண்டுபோனாள். உப்பிய வயிறு. பாதி திறந்த வாய். மார்பின்மேல் மடங்கிய வலது கை, ஒரு மாதத்தில் முதல்முறையாக உதறாமல். அந்த மணிக்கட்டில் முடிச்சு இருந்த தடம் மட்டும் இருந்தது. சேலை இல்லை.

தன் கையைப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. அதிலிருந்து புறப்பட்ட சேலை கட்டில் பக்கம் போகாமல், தரையிலும் கிடக்காமல், ஒரு ஆள் கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வருகிற உயரத்தில், விறைப்பாக, அடுப்படி இருட்டுக்குள் போயிருந்தது.

"ஏங்க..." என்றாள். கட்டிலைப் பார்த்துச் சொன்னாளா, இருட்டைப் பார்த்துச் சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை.

சுடச்சுட ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. சேலை இரண்டு தரம் மெல்ல இழுபட்டது. விடாமல் அதைப் பிடித்துக்கொண்டாள்.